துணைநூற்பட்டியலில் நம் பெயர்கள்

கேள்வி: மூணாறுத் தோட்டங்களில் தமிழர் குடியேறிய வரலாற்றைப் பற்றித் தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். துணைநூற்பட்டியல் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் அமைய வேண்டும் என்று ஆய்விதழ் கேட்கிறது. தலைப்பெழுத்து மட்டுமே உடைய நம் பெயர்களை அம்முறையில் எப்படித் தருவது? பழைய திருவிதாங்கூர் வெளியீடுகள் சிலவற்றில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு மட்டுமே அச்சாகியுள்ளது. அதை என்ன செய்வது?
– ஆய்வு மாணவி, தேவிகுளம்

பதில்: ஏபிஏ முறை, குடும்பப்பெயரை முன்னே வைத்து, மற்றப் பெயர்களின் முதலெழுத்துகளைப் பின்னே தரச் சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது; தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கிறது. அதை விரித்து முன்னால் கொண்டுவந்தால், நூலை எழுதாத தந்தையார் நூலாசிரியர் ஆகிவிடுவார். எனவே இயற்பெயரை முதலில் எழுதி, காற்புள்ளியிட்டு, தலைப்பெழுத்தைப் பின்னே தருவதே பொருத்தம். உங்கள் ஆய்வுக்குத் தவிர்க்க முடியாத, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பற்றிய விவர நூலான திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் மூன்று தொகுதிகளாக அதை வெளியிட்டவரை 'நாகம் அய்யா, வி.' என்றே தர வேண்டும்; 'அய்யா' என்பதைக் குடும்பப்பெயராகக் கருதி அகர வரிசையில் சேர்த்தால், தேடுபவர் வீணே அலைவார். டி. கே. வேலுப்பிள்ளை 1940இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நூலுக்கும் அதே தலைப்புத்தான் என்பதால், ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி எண் ஆகிய மூன்றும் இல்லாத மேற்கோள் எந்த நூலைச் சுட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கொல்லம் ஆண்டு, நம் ஆவணியாகிய சிங்ஙம் முதல் தேதியில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆகவே அதன் முதல் நான்கரை மாதங்களுக்கு 824ஐயும், சனவரிக்குப் பின் வரும் மாதங்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மூணாற்று மக்கள் இன்றும் பேசும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் கொல்லம் 1099 கர்க்கடகத்தில் (நம் ஆடியில்), அதாவது 1924 சூலையில் வந்தது. மாதம் தெரிவதால் அங்கே ஐயமில்லை. நூலில் மாதம் அச்சாகவில்லை எனில், ஒரே ஆண்டை ஊகித்து எழுதாமல், '1099 [1923–24]' என இரண்டையும் தருவதே நேர்மை.

2019இல் வெளிவந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு, நூல் வெளியான ஊரைப் பட்டியலில் தர வேண்டியதில்லை என்கிறது. பழைய அச்சகங்களை அடையாளம் காண ஊர்ப்பெயர் பெரிதும் உதவும் என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆயினும் இதழ் கேட்பதையே தாருங்கள்.

கேள்வி: எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தவற்றையும் பட்டியலில் சேர்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: சேர்க்க வேண்டாம். பிறர் தேடிப் படிக்கக்கூடிய சான்றுகளுக்கே அப்பட்டியலில் இடமுண்டு. நேர்காணல் செய்திகளைக் கட்டுரைக்குள்ளேயே சுட்டிவிட்டு, இதழ் இடம் தந்தால் தகவலாளர் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தரலாம். அவர்கள் எழுத்தில் இசைந்தாலன்றி அதில் பெயரை வெளியிடாமல், வயது, பணி, தோட்டப் பிரிவு ஆகியவற்றில் ஆளை அடையாளம் காட்டிவிடாதவற்றை மட்டும் குறிப்பிடுங்கள்.