வயிற்றுப் புண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் (புது செல்களை உண்டாக்கும் மூல செல்) ஊசி போட்டால் அல்சர் அடியோடு ஆறிவிடும் என்கிறார்கள், நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக மாத்திரை சாப்பிட்டு, கொஞ்ச நாள் நன்றாக இருந்து, மறுபடி எரிச்சல் வந்து வெறுத்துப் போயிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் டாக்டர் இல்லை. இங்கே டாக்டர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள், திட்ட வேண்டாம்.

புண் எதனால் வந்தது என்று அந்தக் கிளினிக்கில் சொன்னார்களா? சொல்லவில்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை. தீராத முதுகுவலி. மெடிக்கலில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிக் கடலைமிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வார். வயிறு எரிந்தால் அதற்கு ஒரு கேஸ் மாத்திரை. ஒருநாள் மலம் கன்னங்கரேல் என்று போகவும் பயந்துபோய் ஈரோட்டுக்குக் கூட்டிப் போனோம். எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு.

அதற்குள் வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். நான் அருப்புக்கோட்டைக்காரி, என் கை கொஞ்சம் காரம். "உன்ற கொழம்புதான் கண்ணு அவன் வயித்தப் பொத்துருச்சு" என்றார் மாமியார், ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்க. அதே குழம்பைச் சாப்பிட்ட எனக்கும் பிள்ளைகளுக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மகன் மாத்திரையாக விழுங்கியதையும் யாரும் பேசவில்லை. ஆம்பளைக்கு எது வந்தாலும் அடுப்படியில்தான் குற்றவாளியைத் தேடுகிறார்கள்.

புண்ணிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறது என்று வந்தது. அந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. காரம் சாப்பிட்டால் எரியலாம், அது வேறு. 1984-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்கள் கண்டுபிடிக்கும்வரை டாக்டர்களே பெரும்பாலும் டென்ஷன், காரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மாமியாரை மட்டும் சொல்வானேன்? ஆனாலும் இதை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் படிக்கவில்லை.

அப்போதுதான் கொழுந்தனார் ஸ்டெம் செல் நோட்டீஸோடு வந்தார். லட்சக்கணக்கில் கட்டணம். எங்கள் டாக்டரிடமே காட்டினோம். இரைப்பைச் சுவரிலேயே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, மேல்தோலைச் சில நாட்களுக்கு ஒருமுறை அவை புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன, கிருமியை ஒழித்து, வலி மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைத்தால் புண்ணை அவையே மூடிவிடும் என்றார். வெளியிலிருந்து செல் ஏற்றிப் பலன் கண்டதெல்லாம் பெரும்பாலும் எலிகளில். அந்த எலிகள் பலவற்றுக்கு அசிட்டிக் அமிலம் வைத்துப் புண் உண்டாக்கியிருந்தார்கள். அவை தினமும் டைக்ளோஃபெனாக் போடுவதில்லை!

"வெளிநாட்டில் குடல் நோய்க்கு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதியே உண்டே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். ஐரோப்பாவில் 2018-இல் அனுமதி கிடைத்தது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயால் வரும் பௌத்திரத்துக்கு, அல்சருக்கு அல்ல. பெரிய ஆய்வில் பலன் உறுதியாகாததால் 2024-இல் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் முறையாகப் பதிவு செய்த ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே உங்களிடம் லட்சங்கள் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது 14 நாள் கோர்ஸ்: கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். வாயெல்லாம் கசக்கிறது என்று பாதியில் நிறுத்தப் பார்த்தார், விடவில்லை. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கிருமி போயிற்றா என்று பார்க்காமலே விட்டிருக்கலாம். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பிருந்து பான்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்றே காட்டலாம். இரைப்பையில் புண் என்றால் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோபி தேவையா என்பதையும் கேளுங்கள்.