பிடிபட்ட சிவப்புக் கோட்டுகள் மறுநாளே படைக்குப் போகுமா?

போகாது. அமெரிக்காவும் பிரிட்டனும் போரிட்ட 1813இல், அமெரிக்கத் தனியார் போர்க்கப்பல் ஒன்று பிரிட்டிஷ் படையின் சிவப்புக் கோட்டுச் சீருடை மூட்டைகளைக் கப்பலோடு பிடித்து, மறுநாளே அமெரிக்க வீரர்களுக்குப் பங்கிடுவதாக நீங்கள் கதையில் எழுதியிருக்கும் காட்சி நிற்காது. 1812 ஜூன் 26ஆம் தேதி அமெரிக்கச் சட்டப்படி, மூட்டையைப் பிரிக்கும் முன்பே பிடிபட்ட கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியாக வேண்டும்.

தனியார் போர்க்கப்பல்காரர்களையும் கடற்கொள்ளையரையும் ஒன்றாக நினைத்ததால் வந்த சிக்கல் என்று தோன்றுகிறது. இவர்கள் கையில் அரசின் உரிமம் இருந்தது. ஆனாலும் தீர்ப்பு வரும்வரை ஒரு கோட்டுகூட அவர்களுடையதல்ல. தீர்ப்புக்குப் பிறகு ஏலம். சுங்கவரி போகும். காயமடைந்த மாலுமிகள், விதவைகளுக்கான நிதிக்கு 2 சதவீதம் போகும். மிச்சம்தான் கப்பல் உரிமையாளருக்கும் மாலுமிகளுக்கும். படைக்கு வேண்டுமென்றால் அரசும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கதையில் பிடிபட்ட நாள், தீர்ப்பு நாள், ஏல நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று உடனே தெரியும்.

அப்புறம், அந்தச் சிவப்புக் கோட்டுகளை யார் போடுகிறார்? அமெரிக்கக் காலாட்படை வீரருக்கு நீலம். சிவப்பில் வந்தால் சொந்த ஆட்களே சுட்டுவிடலாம். மேளம் அடிக்கும் பையனுக்குக் கொடுங்கள். அமெரிக்கக் காலாட்படை இசைக்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டுதான், அருமையாகப் பொருந்தும். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் எண் பொறித்த பொத்தான்களை அவன் வெட்டியெடுப்பதையும் காட்டலாம்.

ஒன்று கவனியுங்கள்: பிடித்தது கடற்படைக் கப்பல் என்றால் பங்கீடு வேறு. எதிரிக் கப்பல் அதைவிடப் பலம் குறைந்ததாக இருந்தால் பாதி அரசுக்கு.