பிரி, பகு, வகு மூணும் ஒரே அர்த்தம்தானே, எதை எங்க போடணும்?

ஒரே அர்த்தம் இல்லைங்க, ஆனா குழம்புறது நியாயம்தான்.

பிரின்னா ஒட்டியோ கட்டியோ சேர்ந்தோ இருந்தது விடுபடணும். பார்சல பிரிக்கிறோம், பின்னல பிரிக்கிறோம், கூரைய பிரிக்கிறோம், அதுல எதுவும் பங்கு போடுற வேலை இல்ல, கட்டு விட்டுப் போகுது அவ்வளவுதான். மனுஷங்களுக்கும் அதேதான், "பிரிஞ்சுட்டாங்க"ன்னா அவங்களா விலகிட்டாங்க, "பிரிச்சுட்டாங்க"ன்னா நடுவுல எவனோ வேலை பார்த்திருக்கான், எழுத்துல பிரிந்தார் பிரித்தார்னு ஒரே ஒரு மெய் மாறுது, பழி மொத்தமா இன்னொருத்தர் தலையில விழுந்துடுது. திருக்குறள்ல 116வது அதிகாரத்துக்குப் பேரே பிரிவாற்றாமை, ஆனா இன்னிக்கு பிரிவுன்னு சொன்னா ஆபீஸ்ல ஒரு டிபார்ட்மெண்ட், இல்லன்னா சட்டத்துல ஒரு செக்‌ஷன். யாரும் அழறதில்ல.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. திருவிழாவுக்கு "வரி பிரிக்கிறாங்க", "காசு பிரிக்கிறாங்க"ன்னு சொல்றோம்ல? அங்க நடக்கிறது சேர்க்கிறது! அப்புறம் ஏன் பிரி? யோசிச்சா, கொடுக்கிறவன் பக்கம் நின்னு பார்த்த சொல்லு போல, ஒவ்வொருத்தன் கையில இருந்தும் காசு பிரிஞ்சு போகுதுல்ல (இது என் ஊகம்தான்). மலையாளத்துலயும் பிரிவுன்னா வசூல்தான்.

பகுன்னா பங்கு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆள் காத்திருக்கான். 322வது குறள்ல "பகுத்துண்டு"ன்னு வர்றது அதான், அங்க பிரித்துண்டுன்னு போட்டுப் பாருங்க, பொட்டலம் திறந்து சாப்பிட்ட மாதிரி ஆயிடும். பகுத்தறிவுல மட்டும் பங்கு கேக்க ஆள் இல்ல, இது சரி இது தப்புன்னு பாகுபாடு பண்ணிப் பார்க்கிறது.

வகுன்னா கோடு போட்டு ஒழுங்கு பண்றது, பொருள் இருந்த இடத்துலயே இருக்கும். வகுப்பு, வகை, திட்டம் வகுக்கிறது எல்லாம் இந்தக் கணக்கு. தலையில எடுக்கிற வகிடும் இதுக்கு சொந்தக்காரச் சொல்தான், வகிடு எடுத்தா முடி எதுவும் தலைய விட்டுப் போறதில்ல பாருங்க.

கணக்குப் பாடத்துலதான் ரெண்டும் கலந்து கிடக்கு. 12ஐ 4ஆல "வகுத்தா" ஈவு 3, ஆனா 1ஆலயும் 7ஆலயும் தவிர வேற எதாலயும் மிச்சமில்லாம வகுபடாத 7ஐ வகா எண்ணுன்னு சொல்லாம "பகா எண்"ணுன்னு சொல்றோம். பின்னத்துல கீழ நிக்கிறதும் பகுதி. அதுக்காக இலக்கணத்துல வர்ற பகுதி விகுதியையும் இந்த லிஸ்ட்ல சேர்த்துடாதீங்க, அந்தப் பகுதி பிரகிருதிங்கிற வடசொல்லு தமிழுக்கு வந்து உருமாறினது, பகுவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.