கடைசி மணி நேரக் கூலி

கேள்வி: ஏற்காட்டில் காபிப் பழம் பறித்து எங்களை வளர்த்தவர் அம்மா. அந்தக் கூலியை அப்பா குடித்தே தீர்த்தார். ஒருமுறை அம்மாவின் கொலுசையும் கொண்டுபோய் விற்றுவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்து, எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதலும் பெற்று இறந்தார். "மோட்சத்துக்குப் போயிட்டாரு" என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார். விடியற்காலையிலிருந்து உழைத்தவருக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலியா? கல்லறைத் திருநாளில் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு மனமில்லை. இது பாவமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, பாவம் இல்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் 2, கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய கடன் திருநாள்கூட அல்ல. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

கொலுசு விஷயம்தான் என் மனதைவிட்டுப் போகவில்லை. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்கு மேலே, ஒரு மலையில், வெறுங்காலோடு உங்கள் அம்மா காபிச் செடிகளுக்கு நடுவே ஏறி இறங்கியிருக்கிறார். இதைக் கடவுள் மறந்துவிடுவார் என்றால் அப்படிப்பட்ட இரக்கம் எனக்கும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் உவமை, எப்போது வேலைக்கு வந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரரின் கதை, பைபிளில் மத்தேயு 20-ல் இருக்கிறது. அதில் காலையில் வந்தவர்களுக்குப் பேசிய ஒரு தெனாரியம், அதாவது ஒரு நாள் கூலி, குறையாமல் கிடைத்தது. ஐந்து மணிக்கு வந்தவர்கள் அவர்கள் கூலியில் கைவைக்கவில்லை. உங்கள் அப்பா கைவைத்தார். அதனால் அந்த உவமை உங்களுக்கு ஆறுதல் தராததில் ஆச்சரியமே இல்லை. நீங்கள் படிக்க வேண்டியது லூக்கா 19. வரி வசூலித்துப் பணக்காரனான சக்கேயு திருந்துவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். அந்த இரக்கத்தைக் கண்ட பிறகுதான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நிற்கிறான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இதுதான். பாவசங்கீர்த்தனம் பாவத்தைப் போக்கும், ஆனால் அந்தப் பாவத்தால் விளைந்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடாது என்கிறது 1992-ல் வந்த மறைக்கல்வி நூல். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ல் எழுதிய சுற்றுமடலில் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: கொடுமை செய்தவர்கள், ஒன்றுமே நடக்காததுபோல, தாங்கள் வதைத்தவர்களுக்குப் பக்கத்தில் விண்ணக விருந்தில் உட்கார்ந்துவிட முடியாது. மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். குடிபோதையின் மறைப்பு இல்லாமல், அம்மாவின் அந்த வெறுங்காலை உங்கள் அப்பா இப்போது நேருக்கு நேர் பார்க்கிறார் என்றே நான் நம்புகிறேன். அதைவிடச் சுடும் நெருப்பு இருக்கிறதா என்ன?

அவர் உண்மையாகவே மனம் வருந்தினாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தீர்ப்பை நீங்கள் சுமக்க வேண்டாம். அம்மாவின் நிம்மதிமேலும் கோபப்படாதீர்கள். இத்தனை வருஷப் பாரத்தை இறக்கிவைத்த நிம்மதியாக அது இருக்கலாம். அதற்காக நீங்களும் அவர் வேகத்திலேயே மன்னித்தாக வேண்டும் என்றில்லை. நம் கண்ணீரைக் கடவுள் தோற்பையில் சேர்த்துவைக்கிறார் என்கிறது 56-ஆம் சங்கீதம். அதைப் படித்து, "கொலுசுக் கணக்கையும் கேளும் ஆண்டவரே" என்று வாய்விட்டே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், நவம்பர் 2 அன்று அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். மலையில் அப்போது பனியும் காற்றும் இருக்கும். மெழுகுவர்த்தியை அவரே ஏற்றட்டும். அணையாமல் இருக்க நீங்கள் கையை மட்டும் குவித்துப் பிடியுங்கள்.