ஃபோர்ட் கொச்சிக்கு காரா, படகா?

அப்பாவ கூட்டிட்டு ஃபோர்ட் கொச்சி போக காரா படகான்னு கேட்டீங்கல்ல, கார் வேண்டாம், படகுல போங்க. எர்ணாகுளம் ஹைகோர்ட் டெர்மினல்ல இருந்து வாட்டர் மெட்ரோ படகு ஏறுனா இருபது நிமிஷம் போல ஆகும், அவ்ளோதான். அப்பாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, அங்க மிதக்கும் மேடை இருக்கு, அது தண்ணியோடவே ஏறி இறங்கும், அதனால படகுத் தளமும் மேடையும் ஒரே மட்டத்துல வரும், தாவி ஏற வேண்டியதில்ல.

போன தடவ ரோட்லயே அரை நாள் போச்சுன்னீங்க, பெரும்பாலும் தோப்பும்படி பக்கம் மாட்டியிருப்பீங்க. வில்லிங்டன் தீவு வழியா வர்ற வண்டி எல்லாம் அங்கதான் வந்து சேருது.

கிளம்புறதுக்கு முன்னாடி கிழமைய பாருங்க. ஃபோர்ட் கொச்சி பக்கத்துல இருக்குற மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை லீவு, அங்கயே 1568ல கட்டுன யூதர் ஜெபாலயம் சனிக்கிழமை லீவு. ரெண்டும் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமைல இருந்து வியாழனுக்குள்ள போங்க.

காலைல சீன மீன்பிடி வலை கிட்ட போய் நிதானமா உக்காருங்க, கல்லக் கயித்துல கட்டி எடைக்கு எடை வச்சு அந்தப் பெரிய வலைய தூக்குறது பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும், நீங்க எதுக்கும் அவசரப்படாதீங்க. அப்புறம் செயின்ட் பிரான்சிஸ் சர்ச், பக்கத்துலதான், வாஸ்கோ ட காமாவ 1524ல முதல்ல புதைச்ச இடம். மட்டாஞ்சேரிக்கு மட்டும் ஆட்டோ, அப்பாவ நடக்க வைக்காதீங்க. கடைக்கு கூட்டிட்டுப் போக வேணாம்னு டிரைவர்கிட்ட ஏறும்போதே சொல்லிடுங்க.

ஒண்ணு, லீவு நாள்ல சாயங்காலம் திரும்புற படகுக்கு வரிசை ரொம்ப நீளும். கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு போய் இறங்குனதும் கவுன்டர்லயே கேட்டுக்கோங்க.