வாசகர் கேள்வி–பதில்: ஒரே ஆம்ப், இரண்டு பயாஸ்

கேள்வி: என் கிட்டார் ஆம்பில் இரண்டு 6எல்6ஜிசி பவர் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கேதோடு பயாஸில் ஓடுகின்றன. ஒரு ஸ்விட்ச் வைத்து ஃபிக்ஸட் பயாஸுக்கும் மாற்றிக்கொள்ளலாமா? காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

பதில்: மாற்றலாம். பயாஸ் என்பது வால்வின் கிரிட், கேதோடைவிட எவ்வளவு நெகட்டிவாக இருக்கிறது என்பதுதான். வாசிக்காதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை அது முடிவு செய்கிறது. மெதுவாக வாசிக்கும்போது பெரிதாகத் தெரியாது. வால்யூமை ஏற்றி அழுத்தி வாசித்தால் தெரியும். கேதோடு பயாஸில் வால்வின் கரண்ட் முழுவதும் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் கிரவுண்டுக்குப் போகிறது. கரண்ட் கூடினால் கேதோடு வோல்டேஜும் ஏறி, வால்வு தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். அடிக்கும் நோட் சற்று அமுங்கிப் பிறகு விரிவது இதனால்தான். ஃபிக்ஸட் பயாஸில் கேதோடு நேராக கிரவுண்டில் இருக்கும். கிரிட்டுக்குத் தனி நெகட்டிவ் வோல்டேஜ் போகும். பேஸ் இறுக்கமாகும், வாட்டும் கூடும். வாக்ஸ் ஏசி30 முதல் ரகம், ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் இரண்டாவது ரகம். ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் ஒன்று இன்னொன்றாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். டோன் சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் அப்படியேதானே இருக்கின்றன!

கேள்வி: கிரிட் லீக் ரெசிஸ்டர்கள் (கிரிட்டுக்கு பயாஸ் வோல்டேஜைக் கொண்டுசெல்பவை) சேரும் புள்ளியை ஸ்விட்சின் நடுக்காலில் கொடுத்து, ஒரு பக்கம் கிரவுண்டு, மறுபக்கம் நெகட்டிவ் சப்ளை என்று வயரிங் செய்ய நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்விட்ச் நகரும் அந்தக் கணத்தில் கிரிட் எதனோடும் சேராமல் தொங்கும். கான்டாக்டில் அழுக்கு பிடித்தால் தொங்கிக்கொண்டே இருக்கும். கரண்ட் எல்லை மீறி வால்வின் பிளேட் சிவந்து போகும். நெகட்டிவ் சப்ளையை ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் விதி.

கிரிட் லீக் சேரும் புள்ளிக்கு நெகட்டிவ் சப்ளையை 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு டிபிடிடி ஆன்–ஆன் ஸ்விட்ச் (ஒரே தட்டலில் இரண்டு தனி இணைப்புகளை மாற்றும் இருநிலை ஸ்விட்ச்) போதும். அதன் ஒரு பாதி, கேதோடு நிலையில் அந்தப் புள்ளியை கிரவுண்டோடு சேர்க்கட்டும். மறு பாதி, ஃபிக்ஸட் நிலையில் கேதோடு ரெசிஸ்டரை ஷார்ட் செய்யட்டும். இரண்டும் எதிரெதிர் நிலையில் மூட வேண்டும். ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது இரண்டுமே திறந்திருக்கும்: கிரிட்டில் நெகட்டிவ், கேதோடில் ரெசிஸ்டர். வால்வு குளிர்ந்துதான் போகும், சூடாகாது. எந்தக் கான்டாக்ட் சேராமல் பழுதானாலும் விளைவு இதேதான். ஷார்ட் செய்யும் வயரில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். இல்லையென்றால் கேதோடு ரெசிஸ்டருக்கு இணையாக இருக்கும் பைபாஸ் கெபாசிட்டரின் சார்ஜ் மொத்தமும் கான்டாக்டில் பொறியாக இறங்கும். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும்.

மதிப்புகள், பி+ (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) 420 வோல்ட் என்று வைத்துக்கொண்டு: கேதோடு ரெசிஸ்டர் 330 ஓம் 10 வாட், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் பைபாஸ் கெபாசிட்டர். பயாஸ் வைண்டிங் (பவர் டிரான்ஸ்ஃபார்மரில் நெகட்டிவ் சப்ளைக்கான சுற்று) 50 வோல்ட் ஏசி என்றால் 1என்4007 டையோடு, 100 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கெபாசிட்டர், அடுத்து 15 கிலோ ஓம், பிறகு கிரவுண்டுக்கு 10 கிலோ ஓமும் 25 கிலோ ஓம் டிரிம்பாட்டும் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) தொடராக. ஏறக்குறைய −28 முதல் −48 வோல்ட் வரை கிடைக்கும். டிரிம்பாட்டின் நடுக்காலை ஒரு முனையோடு சேர்த்துவிட்டால், உள்ளே தொடர்பு விட்டாலும் நெகட்டிவ் கூடத்தான் செய்யும். டையோடின் கோடு போட்ட முனை வைண்டிங் பக்கம். கெபாசிட்டரின் பாசிட்டிவ் கால் கிரவுண்டில். இதைத் தலைகீழாக மாட்டுபவர்கள்தான் அதிகம்.

இயங்கும்போது ஸ்விட்சைத் தட்டாதீர்கள். கேதோடு உடனே கிரவுண்டாகிவிடும், ஆனால் கப்ளிங் கெபாசிட்டர்கள் (முந்தைய கட்டத்தின் சிக்னலை கிரிட்டுக்குக் கடத்துபவை) சார்ஜ் ஆகி கிரிட் நெகட்டிவுக்கு இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் பாயும், ‘தொம்’ என்று சத்தம் வரும், ஃபியூஸும் போகலாம். ஸ்டாண்ட்பையில் (வால்வின் ஹீட்டர் மட்டும் ஓடி, பி+ நிற்கும் நிலை) போட்டு, சில நொடி விட்டு மாற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: கரண்டை எப்படி அளப்பது?

பதில்: ஒவ்வொரு வால்வின் 8-ஆம் பின்னுக்கும் பொதுக் கேதோடு புள்ளிக்கும் இடையே 1 ஓம் 1% ரெசிஸ்டர் வையுங்கள். அதன் இரு முனைகளுக்கு இடையே 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசி-யின் பிளேட் வெப்பமாகத் தாங்கும் உச்சவரம்பு 30 வாட். அதில் 70% என்றால் 21 வாட். 420 வோல்ட்டில் 50 மில்லிஆம்பியர். முதல் முறை டிரிம்பாட்டை அதிக நெகட்டிவ் பக்கம் வைத்துவிட்டு மெல்லக் குறையுங்கள். கேதோடு நிலையில் பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையிலான வோல்டேஜை எடுக்க வேண்டும்: பிளேட் 420, கேதோடு 32 என்றால் 388. அங்கே 48 மில்லிஆம்பியர் ஓடினால் சுமார் 18.6 வாட். கரண்ட் அதிகமாகத் தெரிந்தால் 390 ஓம் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் டிரான்ஸ்ஃபார்மரில் பயாஸ் வைண்டிங்கே இல்லை.

பதில்: 230/12 வோல்ட் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். 12 வோல்ட் பக்கத்தை 6.3 வோல்ட் ஹீட்டரில் கொடுத்தால் மறுபக்கம் கணக்குப்படி 120 வோல்ட் வர வேண்டும். நடைமுறையில் குறைவாகவே வரும். கெபாசிட்டர் 250 வோல்ட் ரகம், 15 கிலோ ஓமுக்குப் பதில் 68 கிலோ ஓம்.

கேள்வி: மாற்றிய பிறகு ஃபிக்ஸட் நிலையில் அரை மணியில் ஒரு வால்வு மட்டும் சிவக்கிறது. கேதோடு நிலையில் ஒன்றும் இல்லை.

பதில்: முதல் சந்தேகம் கப்ளிங் கெபாசிட்டர் மேல். அதில் லேசான கசிவு இருந்தால் கிரிட்டுக்கு பாசிட்டிவ் ஏறும். கேதோடு ரெசிஸ்டர் இருந்தவரை அது மறைந்திருக்கும். இப்போது வெளியே வருகிறது. ஆம்ப் சூடான பிறகு சிவக்கும் வால்வைக் கழற்றிவிட்டு, இரண்டு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னின் நெகட்டிவ் வோல்டேஜை ஒப்பிடுங்கள். காலி சாக்கெட்டில் 1 வோல்ட் குறைந்தாலும் அந்தப் பக்கக் கெபாசிட்டரை மாற்றிவிடுங்கள். இரண்டும் சமம் என்றால் வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள். சிவப்பும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி வால்வுதான்.

கிரிட் லீக் மதிப்பையும் பாருங்கள். 6எல்6ஜிசி டேட்டாஷீட் கேதோடு பயாஸுக்கு 500 கிலோ ஓம் வரை அனுமதிக்கிறது, ஃபிக்ஸட் பயாஸுக்கு 100 கிலோ ஓம்தான். பல ஆம்புகள் 220 கிலோ ஓமில் ஓடுகின்றன. அதற்கு மேல் போக வேண்டாம். உங்களுடையதில் 470 இருந்தால் அதை 220 ஆக்கிவிட்டு கரண்டை மறுபடி செட் செய்யுங்கள்.