ரப்பர் குழாயில் வெடிப்பைக் கண்டுபிடித்த பையன்

போன வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு மகனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் தட்டுத் தடுமாறி பாஸ். தாய்மாமா ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். "மீதியைக் கட்டலைன்னா சீட் போயிடும் சார்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதிக்கு அவருடைய நகை அடகுக்குப் போக வேண்டும்.

போகட்டும் அம்மா, சீட்டு போகட்டும்.

அதுவரை வாயே திறக்காத பையனிடம், லீவில் என்ன செய்தாய் என்று கேட்டேன். மாமா காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருக, பி0171 என்ற கோளாறு எண் வந்திருக்கிறது. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார்கள். இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. இவன் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்திருக்கிறான். மடிப்புக்குள்ளே வெடிப்பு. கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போகிறது. அந்த எண் சொல்வதெல்லாம் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்பதுதான். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. இது இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரிந்திருக்கிறது.

இவன் போக வேண்டிய இடம் அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு. இரண்டு வருடம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் ஏதாவது ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸ். படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம்.

"கடைசியில் மெக்கானிக்கா?" என்றார் அப்பா. பழைய மெக்கானிக் வேலை இல்லை இது. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் வந்தது 2020 ஏப்ரலில். அதற்குப் பிறகு வந்த வண்டியில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது. வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றும் முன் இக்னிஷன் ஆஃப் ஆகியிருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய கை வித்தை இங்கே ஆகாது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வைக் காலி செய்துவிடலாம். சென்சார் வயரில் பல்பு டெஸ்டர் வைக்கக் கூடாது, டிஜிட்டல் மல்டிமீட்டர்தான். சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாகத்தின் மேல் சந்தேகப்பட வேண்டும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனில் கோளாறு என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6ஆவது, 14ஆவது பின்களுக்கு நடுவே அளக்க வேண்டும். 60 ஓம் அளவில் இருந்தால் நல்லது. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. மஞ்சள் கப்ளர் என்றால் ஏர்பேக், மீட்டர் முனைகூட அங்கே படக் கூடாது. உயர் அழுத்தத்தில் டீசலைப் பீச்சும் காமன் ரெயில் என்ஜினில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது; 1,600 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் போகும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

இதற்கும் படிப்பு வேண்டும். ஓம் விதி தெரியாமல் மீட்டரைப் பிடிக்க முடியாது, வயரிங் வரைபடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளமும் சுமார்தான். இதைப் பையனிடமே சொன்னேன். தலையாட்டினான். வரைபடம் எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டான். (கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.)

இரண்டு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். நகையைத் தொடாதீர்கள். பெரிய ஸ்கேனர் வாங்கித் தருகிறேன் என்றும் கிளம்பாதீர்கள்; இப்போதைக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர் போதும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள்தான். மாமா கோபித்துக்கொள்வார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: அந்த 25,000த்தைக் கல்லூரியிலிருந்து திரும்ப வாங்கி வரட்டும். முன்பணம் கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போகச் சொல்லுங்கள். போகும்போது பையனையும் வண்டியில் கூட்டிப் போகட்டும், அந்தக் குழாயை இன்னும் மாற்றவில்லையாம்.